சாணி பார்க்கிற கம்பவுண்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் பேத்தியே இரண்டு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் இதில் பாதி நடந்தே இருக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் திராட்சைப் பந்தல். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அதை ஒட்டி இந்தப் பக்கம் எங்கள் கக்கூஸ், அந்தப் பக்கம் அவர்கள் கிணற்றடி. அந்த வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்தான் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் இல்லாத நேரத்தில் வேறொரு பெயர் சொல்வோம். அதைப் பேத்தி எழுத மாட்டேன் என்கிறாள்.

ரோட்டில் சாணி கிடந்தால் நீங்களும் நானும் ஒதுங்கிப் போவோம். அவர் மொபெட்டை நிறுத்துவார். ஸ்டாண்டு போட்டு, வேலியில் ஒரு குச்சியை ஒடித்து, சாணியை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்ப்பார். குனிந்து முகர்வார். குச்சி கிடைக்காத இடத்தில் விரல். அப்புறம் அந்த விரலை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு போய் டீக்கடைத் தட்டில் வடை எடுப்பார். என் கண்ணால் பார்த்தேன். ஒரு மாதம் அந்தக் கடை வடையை நான் தொடவில்லை. உளுந்த வடை அங்கே போல வேறெங்கும் வராது, அந்த வயிற்றெரிச்சல் வேறு.

மாட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் விடமாட்டார். காலையில் பல் விளக்கிக்கொண்டே சுவருக்கு மேல் தலை வரும்.

“என்ன மதினி, வெளிக்குப் போனீகளா?”

வணக்கம் வைப்பது போலத்தான் கேட்பார். போனேன் என்றால் விடமாட்டார்; கெட்டியா, தண்ணியா, என்ன நிறம் என்று வரிசையாக வரும். போகவில்லை என்றால் எத்தனை நாளாக என்பார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவேன். அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் மட்டும் திண்டாடித் திண்டாடிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். மரியாதைக்குப் பயந்த மனிதர்.

சின்னமனூரில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா. இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. இவர் அந்த மனிதரை உற்றுப் பார்த்துவிட்டு, முகம் மஞ்சளாக இருக்கிறதே, வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். அந்த வரிசையில் ஏழு பேர் இலையை மூடினார்கள். கடைசியில் அந்த மனிதருக்கு ஒன்றும் இல்லை. மேலே கட்டியிருந்த மஞ்சள் துணிப் பந்தலின் வெளிச்சம் முகத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பவுண்டர் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை, பாருங்கள்.

ஆனால் எங்கள் செவலை மாட்டின் விஷயத்தில் அவர் கணக்குத் தப்பவில்லை. அந்த மாட்டுக்கு மடி வீங்கிக் காய்ச்சல். கம்பவுண்டர் லீவில் போயிருந்தார் என்று, ஊசி போடத் தெரியும் என்று திரிந்த ஒருவரை என் மகன் கூட்டிவந்தான். அந்த ஆள் ஐந்து நாள் காலையும் மாலையும் ஊசி போட்டார். காய்ச்சல் விட்டது. ஆனால் மாடு புல்லைத் தொடவில்லை, அசை போடவில்லை. கண்ணில் நீர் வடிய நின்றது. கம்பவுண்டர் ஊரிலிருந்து வந்ததும் நேரே தொழுவத்துக்கு வந்து, வழக்கம்போலச் சாணியைப் பிளந்து பார்த்தார். புல் அரைபடாமல் நார் நாராக இருந்தது.

“மதினி, புல்லை அரைக்கிறது மாடுன்னா நெனச்சீக? வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிக இருக்கு, அதுகதான் அரைக்கிறது. காச்சலுக்குப் போட்ட ஊசி அதுகளையும் சேத்துக் கொன்னுருச்சு” என்றார்.

அப்புறம் செய்ததுதான் அசிங்கம். எதிர்வீட்டுக் காளை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வயிற்றிலிருந்து ஒரு கவளம் தொண்டைக்கு ஏறி வருகிற நேரம் பார்த்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டார். எச்சில் ஒழுக, பச்சைக் களி போல ஒன்றை எடுத்தார். இப்படி மூன்று நான்கு தரம். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் எங்கள் மாட்டின் தொண்டைக்குள் ஊற்றிவிட்டார். நான் வாய்க்காலோரம் போய் வாந்தி எடுத்தேன். மறுநாள் மாடு அசை போட்டது. மூன்றாம் நாள் என் புடவை முந்தானையைத் தின்றது. நல்ல புடவை.

இனி என் கதை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருடம் கழித்து எனக்கு இருமல் பிடித்தது. நான் டாக்டரிடம் போகிற ஆள் இல்லை. தெருமுனை மெடிக்கலில் சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல் கொடுப்பார்கள். சளி என்றாலும் அதுதான், பல்வலி என்றாலும் அதுதான். எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைக் கடலை மிட்டாய் மாதிரித் தின்போம். இரண்டு நாள் சாப்பிட்டு நின்றால் போதும் என்று மிச்சத்தை அரிசிப்பானைக்குள் போட்டு வைப்பேன். அடுத்த தரத்துக்கு ஆகும். இந்த இருமல் அதற்கு அடங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது; நான்கு மாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். பிறகுதான் மகன் தேனிக்குக் கூட்டிப்போனான். நுரையீரலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கையில் ஊசி குத்திப் பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். அந்த டாக்டரம்மா நல்ல பெண். இந்த மருந்து கட்டியைக் கொல்லாது பாட்டி, உங்கள் உடம்புக்குள்ளேயே காவல்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிடும், அவர்கள் போய் அடிப்பார்கள் என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டிலும் எழுப்பிவிட்டால்தான் எல்லோரும் வேலை செய்வார்கள்.

ஆனால் முதல் ஸ்கேனில் கட்டி அசையவில்லை. டாக்டரம்மா என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். சிவப்புக் கறுப்பைச் சொன்னேன். மருந்து ஏற ஆரம்பித்த பிறகும் ஒரு சளிக்குப் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமி குடியிருக்கிறது, அதில் நல்லது நிறைய, அந்தக் காவல்காரர்களைப் பழக்கி வைப்பதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது, கேப்சூல் அவற்றையும் கொன்றுவிடும் என்றாள். மருந்து ஏறுவது கை நரம்பில், வயிற்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன். மருந்து எந்த வழியாகப் போனாலும் உடம்பு ஒன்றுதானே பாட்டி என்றாள். கட்டி அசையாததற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் என்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் தொடக் கூடாது என்றும் சொன்னாள்.

எனக்குள் கோடிக் கிருமி குடித்தனம் நடத்துகிறது என்று கேட்டதிலிருந்து அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகளுக்கு வரன் அமைந்தது போல ஒரு சந்தோஷம்.

“செவல மாடு, மதினி” என்றார். “அதேதான். அதே கதைதான்.”

பிறகு என் வீட்டுக்குள் வந்து, அரிசிப்பானைக்குள் கைவிட்டு, இருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு பொம்பளையின் அரிசிப்பானைக்குள் கைவிடுகிற ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் அந்தக் கை. அந்த அரிசியை இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கோழிக்குப் போட்டேன். அவர் வேறு, நல்ல கிருமிக்குத் தீனி வேண்டும் என்று கீரையும் மொச்சையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுநாள் காலை சுவருக்கு மேல் தலையை நீட்டி, தீனி போட்டதன் பலன் என்ன என்று விசாரிப்பார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகிவிட்டது. கீரையா, மருந்தா, கேப்சூலை நிறுத்தியதா, எது என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் மல்லாந்து படுத்தேன். அரை வருடத்துக்கு மேல் ஆயிற்று முதுகைத் தரையில் வைத்து. அந்த ஒன்றுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஏழாவது மருந்து ஏறின பதினேழாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. முதல் நாள் மூன்று தரம். மறுநாள் ஐந்து. ஆரம்பத்திலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள், வயிற்றால் போனால் உடனே போன் பண்ணுங்கள், தேவைப்பட்டால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று. என் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். நிறுத்திவிட்டால் கட்டி திரும்ப வளரும், திரும்பச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்க வேண்டும். மகனிடம் சொல்லவில்லை. மருமகளிடமும் சொல்லவில்லை. தெருமுனை மெடிக்கலுக்குப் போய், பேதியை நிறுத்துகிற மாத்திரையும் கூடவே சிவப்புக் கறுப்பும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுவருக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கக்கூஸுக்குத் தகரக் கதவு. திறந்தால் ஒரு சத்தம், மூடினால் ஒரு சத்தம். அந்த மனிதர் கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்!

“நேத்து ஏழு மதினி. ஆஸ்பத்திரிக்குச் சொன்னீகளா?”

நான் எரிந்து விழுந்தேன். ஊரில் வேறு வேலை இல்லையா, பொம்பளை கக்கூஸுக்குப் போகிற கணக்கை எடுக்கிறீர்களே என்றேன். மாத்திரை போட்டு நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன். கன்றுக்குட்டி கழிகிறது என்று வாலைச் சேர்த்துக் கட்டிவைப்பது போல இருக்கிறது நீங்கள் செய்வது என்றார். அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் காலை கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கக்கூஸிலிருந்து வெளியே வந்து, காலை எடுத்து வைக்க முடியாமல் சுவரைப் பிடித்து நின்றேன். ஊற்றத் தண்ணீர் இல்லை. கம்பவுண்டர் கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோட்டில் சாணிக்கு முன்னால் குனிவது போலவே குனிந்தார்.

நான் வாசலில் போய் நின்றேன். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. என் புருஷன்கூட அப்படிப் பார்த்ததில்லை.

“ஏய்யா, ஒங்களுக்கு அருவருப்பா இல்லையா?”

“வெளிச்சத்த மறைக்காதீக மதினி” என்றார், தலையைத் திருப்பாமலே.

கையில் மக்கு இருந்தது. எறிந்தேன். முதுகில் பட்டு விழுந்தது. அவர் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

மறுநாள் மருந்து ஏற்றுகிற முறை. மகன் கார் பிடித்து வந்திருந்தான். ஏறப்போகிற நேரம் கம்பவுண்டர் வந்து, மாட்டுக்குத் தையல் போடுகிற நூலால் கோத்த கொஞ்சம் காகிதத்தை என் கையில் வைத்தார். தினக் கேலண்டரில் கிழித்த தாள்கள், பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. நர்ஸம்மாவிடம் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். என்னிடம் மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு, எனக்காக ஏதோ சாமி மந்திரம் எழுதித் தந்திருக்கிறார் என்று நினைத்தேன். தேனி போகிற வரைக்கும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வீரபாண்டி ஆத்தா கோயில் தாண்டும்போது கண்ணில்கூட ஒற்றிக்கொண்டேன். கண்ணில்! பேத்தி சிரிக்கிறாள், எழுதடி.

ஆஸ்பத்திரியில் வரிசையாக எட்டு நாற்காலி, எட்டுப் பேருக்கு மருந்து ஏறுகிறது. நர்ஸ் தாளை வாங்கிச் சத்தமாகவே படித்துவிட்டாள். திங்கள், ஐந்து தடவை. செவ்வாய், ஏழு தடவை. வியாழன், ஒன்பது தடவை, நேரில் பார்த்தேன், தண்ணீர், சளி கலந்தது, ரத்தம் இருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையின் பெயர், அதைக் கடையிலேயே போய் விசாரித்திருக்கிறார். கடைசியில், மறைக்கிறார்கள், தயவு செய்து விடாதீர்கள்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கையோடு என் மானத்தை நானே தேனி வரைக்கும் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

டாக்டரம்மா ஓடி வந்தாள். தாளை இரண்டு தரம் படித்தாள். எழுந்த காவல்காரர்கள் கட்டியை அடித்ததோடு நிற்காமல் என் குடலையும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். அந்தத் தெருமுனை மாத்திரையால் அமுக்கிக்கொண்டே இருந்திருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கும் என்றாள். அன்று அந்த மருந்து ஏறவில்லை. காவல்காரர்களை அமர்த்துகிற வேறொரு மருந்தை ஏற்றி, ஒன்பது நாள் படுக்க வைத்தார்கள். இதை எழுதியது யார் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் என்றேன். எங்கள் நோயாளிகள் எல்லோர் பக்கத்து வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் தேவலை என்றாள். நீ இருந்து பார் தாயி, அப்போது தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த மருந்தை அதற்குப் பிறகு எனக்குத் தரவே இல்லை. நிறுத்தினால் கட்டி வளரும் என்று பயந்தேனே, வளரவில்லை. சுருங்கினபடியே கிடக்கிறது. எழுந்தவர்கள் எல்லோரும் திரும்பத் தூங்கிவிடுவதில்லை போல. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கிறார்கள். நான் மல்லாந்துதான் தூங்குகிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சுவருக்கு மேல் தலை வரவில்லை. மக்கு பட்ட கோபமோ என்று நானே போய் எட்டிப்பார்த்தேன். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு. கெட்டியா” என்றேன்.

அத்தனை வருடத்தில் நானாகச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் நிமிர்ந்து பார்த்து, என்ன நிறம் என்றார். மனிதரா அது.

அடுத்த வருடம் அவர் மகள் அவரைக் கெங்குவார்பட்டிக்குக் கூட்டிப்போய்விட்டாள். தினமும் காலையில் போன் வரும். அதே கேள்வி. பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தரம், பிறகு வாரம் ஒரு தரம். ஒரு நாள் வேறென்னவோ பேசினார். மழை, வாழைத்தார், பேரனின் பள்ளிக்கூடம். என் வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு என்னவோ போல ஆயிற்று. அப்போதுதான் யோசித்தேன், இருபது வருடம் ஊரையே கேட்டவரை எங்களில் ஒருத்தராவது திருப்பிக் கேட்டிருக்கிறோமா?

“கம்பவுண்டரே, நீங்க வெளிக்குப் போனீகளா?” என்றேன்.

அதெல்லாம் எதுக்கு மதினி என்றார். குரல் சிறுத்துப் போயிருந்தது. எனக்குத் தெரியாத குரலா? நான் மெடிக்கலில் மாத்திரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நின்றபோது எனக்கு இருந்த குரல் அது.

“எத்தன நாளா?”

போனை வைத்துவிட்டார்.

சுவரிலிருந்த தினக் கேலண்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேனி போய், பெரியகுளம் போய், கெங்குவார்பட்டியில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் மகளுக்கு ஆச்சரியம். அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், கொஞ்சம் மெலிந்திருக்கிறார், வயதாகிறது அல்லவா என்றாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாள் அங்கேயே தங்கினேன். எழுதத் தெரியாது, கோடு போடத் தெரியாதா? ஒரு தரத்துக்கு ஒரு கோடு. ரத்தம் என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. ஐந்து தாளையும் கோத்து மகள் கையில் கொடுத்து, அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெருங்குடலில் கட்டி என்றார்கள். கொஞ்சம் தாமதம்தான். அறுத்து எடுத்த பிறகு இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் காலையில் போன் போட்டுக் கேட்டது நான்தான். முனகிக்கொண்டே சொல்வார்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது கெங்குவார்பட்டியின் முதல் நாள் காலை. அவர் கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். அவர் வாசலில் வந்து நின்றார். கையில் மக்கு இருந்தது. எறிவாரோ என்றுகூட நினைத்தேன்.

“மதினி, ஒங்களுக்கு அருவருப்பா இல்லையா?”

“இருக்கு. கொமட்டுது” என்றேன். “வெளிச்சத்த மறைக்காதீக.”